அடைத்த சுவர் உலராது

மயிலாப்பூரின் மாட வீதிகளை ஒட்டிய சந்துகளிலும், தியாகராய நகரின் உட்தெருக்களிலும், அடையாற்றின் பழைய குடியிருப்புகளிலும் தெரு மட்டத்துக்குக் கீழே தாழ்ந்துபோன வீடுகளின் சுவர்களில் ஓதம் ஏறும்போது, கொத்தனார் முதல் பொறியாளர் வரை, பெயின்ட் கடைக்காரர் முதல் வீட்டுக்காரரின் உறவினர் வரை அனைவரும் ஏறத்தாழ ஒரே தீர்ப்பைச் சொல்கிறார்கள். பழைய சுண்ணாம்புக் காரையைக் கொத்தி எறிந்துவிட்டு நீர்த்தடுப்பு ரசாயனம் கலந்த சிமென்ட் பூச வேண்டும். அதன்மேல் ஈரம் புகாத பெயின்ட் அடிக்க வேண்டும், அல்லது இடுப்பளவுக்கு டைல்ஸ் ஒட்ட வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் தரையை உயர்த்த வேண்டும். அதுவும் பலிக்காவிட்டால் வீட்டுக்கு வயதாகிவிட்டது, இடித்துவிட்டு அடுக்ககம் கட்டுவதே வழி. இந்தத் தீர்ப்பு இரண்டு நம்பிக்கைகளின் மேல் நிற்கிறது: சுவரை அடைத்தால் ஈரம் நிற்கும் என்பது ஒன்று; குற்றம் வீட்டினுடையது என்பது மற்றொன்று. இரண்டும் பிழையானவை என்பதோடு, முதல் நம்பிக்கையின்படி செய்யப்படும் வேலைகளே பல வீடுகளை இரண்டாம் நம்பிக்கைக்குப் பலியாக்கிக்கொண்டிருக்கின்றன.

வீடு எப்படித் தாழ்ந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும், ஏனெனில் காரணத்தைத் தவறாகக் கணிக்கும் இடத்திலிருந்தே பரிகாரமும் தவறத் தொடங்குகிறது. இவற்றில் பெரும்பாலானவை பள்ளத்தில் கட்டப்பட்ட வீடுகளல்ல. கபாலீசுவரர் கோயிலைச் சுற்றிய தெருக்களில் பழைய வீடுகள் இரண்டு மூன்று படி ஏறிச் செல்லும் உயரத்தில், பேஸ்மட்டம் எனப்படும் உயர்ந்த அடிமேடையின் மேல் நின்றன. அம்மேடையின் தெருப் பக்கத்தில் திண்ணை இருந்தது. தெருவில் ஓடும் மழைநீர் படிக்கட்டையும் திண்ணையின் முகப்பையும் நனைத்ததே தவிர, கூடத்தின் சுவரைத் தொடவில்லை. பிறகு தார்ச்சாலையைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் பழைய பரப்பைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே 30 முதல் 50 மில்லிமீட்டர் கனத்துக்குப் புதிய படலம் இடும் வழக்கம் வந்தது. இப்படிப் பத்து முறை இட்டால் தெரு ஓரடி முதல் ஒன்றரை அடி வரை உயர்ந்துவிடும். படிகள் ஒவ்வொன்றாகப் புதைந்தன. ஏறிச் சென்ற வாசலில் இன்று இறங்கிச் செல்ல வேண்டியிருக்கிறது. வண்டி ஏற்றி இறக்க வசதியாகத் திண்ணை இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் வீட்டை நோக்கிச் சரியும் சிமென்ட் சாய்தளம் போடப்பட்டதும், தெருநீர் நேரே நிலைப்படிக்கு வந்து சேர வழி அமைந்தது. வீடு மண்ணுக்குள் இறங்கவில்லை; மண்ணும் தாரும் வீட்டின்மேல் ஏறின. இந்த வேறுபாடு முக்கியமானது: தன் பிழையால் தாழ்ந்த கட்டடத்தை மாற்றியாக வேண்டும், ஆனால் பிறர் உயர்த்திய தெருவால் தாழ்ந்த கட்டடத்துக்கு உரிய பரிகாரத்தில் பாதி தெருவில் இருக்கிறது.

நிலத்தின் இயல்பும் இதில் சேர்கிறது. தியாகராய நகர், 1920களில் வற்றவைக்கப்பட்ட நெடிய மாம்பலம் ஏரியின் படுகையில் அமைக்கப்பட்ட நகர்ப்பகுதி. ஏரிப்படுகையின் களிமண் மழைநீரை வாரக்கணக்கில் பிடித்துவைத்திருக்கும். கடலை ஒட்டிய அடையாறு, பெசன்ட் நகர் பக்கங்களில் மணல் மிகுதி. மணல் நீரை விரைவில் வடியவிடுமாயினும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நிலத்தடி நீர்மட்டமே மேலே வந்து அடித்தளத்தைத் தொட்டுவிடுகிறது. சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதங்களில் பெய்துவிடுகிறது. ஆகவே இங்குள்ள சுவர் ஆண்டு முழுவதும் சீராக நனைவதில்லை. மூன்று மாதம் நிறையக் குடித்து, எஞ்சிய மாதங்களில் குடித்ததை வெளியேற்றுகிறது. அந்த வெளியேற்றத்துக்கு வழி இருக்கிறதா இல்லையா என்பதே சுவரின் ஆயுளைத் தீர்மானிக்கும் கேள்வி. நிலவும் கருத்து கேட்கத் தவறுவதும் இக்கேள்வியைத்தான்.

அந்தச் சுவர் எதனால் ஆனது என்று அடுத்துப் பார்க்க வேண்டும். இந்தியாவில் சிமென்ட் உற்பத்தி வணிக அளவில் நிலைபெற்றது 1914இல் போர்பந்தரில். அதற்கு முன், 1904இல் சென்னையிலேயே கடற்கிளிஞ்சலிலிருந்து சிமென்ட் செய்ய நடந்த முயற்சி நிலைக்கவில்லை. ஆகவே அதற்கு முந்தைய வீடுகள் அனைத்தும், அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் கட்டப்பட்டவற்றில் கணிசமானவையும் நாட்டுச் செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில், சிலபோது வெறும் மண் சாந்தில், அடுக்கி எழுப்பிய 14 அங்குலம், 18 அங்குலச் சுவர்களையே கொண்டவை. அவற்றின் மேல் சுண்ணாம்போடு மணலும் சுர்க்கி எனப்படும் செங்கல் தூளும் சேர்த்து, கடுக்காயும் பனைவெல்லமும் ஊறிய நீர் விட்டு அரைத்த காரை பூசப்பட்டது. இந்தப் பொருள்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான பண்பு நுண்துளை. கண்ணுக்குத் தெரியாத குழாய்களின் வலைப்பின்னலாக அமைந்த செங்கல்லும் காரையும் நீரை உள்ளே வாங்கும், ஆவியாக வெளியேயும் விடும். நீர்த்தடுப்புப் படலம், அதாவது அடித்தளத்துக்கும் சுவருக்கும் இடையே ஈரம் ஏறாதபடி இடப்படும் தகடோ தாரோ, இவ்வீடுகளில் பெரும்பாலும் இல்லை. அதைக் குறையென்று இன்றைய பொறியாளர் சொல்வார். ஆனால் கட்டியவர்கள் ஈரம் ஏறாமல் தடுக்க முயலவில்லை. உயர்ந்த பேஸ்மட்டத்தால் ஏறும் அளவைக் குறைத்து, ஏறியதைச் சுண்ணாம்புப் பரப்பு வழியாக வெளியேவிட்டார்கள். பொங்கலுக்கு முன் ஆண்டுதோறும் வெள்ளையடித்த வழக்கம் அழகுக்காக மட்டும் ஏற்பட்டதன்று; பருவமழை ஓய்ந்த உடனே, உப்புப் பூத்த மேற்பரப்பைத் தேய்த்துக் கழித்துப் புதிய சுண்ணாம்பு ஏற்றும் ஆண்டுப் பராமரிப்பாகவும் அது இருந்தது.

ஈரம் சுவரில் ஏறுவது, திரி எண்ணெயை ஏற்றுவதைப் போன்ற நுண்புழை ஏற்றத்தால். துளை எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு உயரத்துக்கு நீரை இழுக்கும்: 0.1 மில்லிமீட்டர் ஆரமுள்ள துளையில் 15 சென்டிமீட்டர், 0.01 மில்லிமீட்டர் துளையில் ஒன்றரை மீட்டர் என்பது கணக்கு. செங்கல்லில் இதனினும் நுண்ணிய துளைகள் ஏராளம் என்பதால், கணக்கின்படி நீர் மாடியையே எட்ட வேண்டும். எட்டுவதில்லை, பெரும்பாலான சுவர்களில் ஈரக்கோடு மூன்றடி உயரத்துக்குள் நின்றுவிடுகிறது. காரணம், கீழிருந்து ஏறும் நீரின் அளவும் சுவரின் முகத்திலிருந்து ஆவியாகும் நீரின் அளவும் சமமாகும் உயரத்தில் ஏற்றம் நின்றுபோகிறது என்பதே. ஈரக்கோட்டின் உயரத்தை நிர்ணயிப்பவை சுவரின் கனம், துளைகளின் உறிஞ்சும் ஆற்றல், ஆவியாகும் வேகம் ஆகியவை. இந்தச் சமநிலையைக் கிறிஸ்டோபர் ஹால், வில்லியம் ஹாஃப் என்னும் இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 2007இல் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் எளிய சூத்திரமாகத் தந்தார்கள்.

அச்சூத்திரம் சொல்வதை மயிலாப்பூர்ச் சுவருக்குப் பொருத்திப் பார்த்தால் நிலவும் தீர்ப்பின் அடிப்படையே ஆட்டம் காண்கிறது. ஈரக்கோட்டின் உயரம் ஆவியாகும் வேகத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கிறது. இரு முகங்களிலும் ஆவியாகிக்கொண்டிருந்த சுவரின் ஒரு முகத்தை நீர் புகாப் பூச்சால் அடைத்தால், ஆவியாதல் பாதியாகக் குறைந்து, ஈரக்கோடு ஏறத்தாழ 1.4 மடங்கு உயரும். இரண்டரை அடியில் நின்ற ஈரம் மூன்றரை அடிக்குச் செல்லும். இரு முகங்களையும் இடுப்பளவுக்கு அடைத்தால், அடைப்பு முடியும் இடத்தைத் தாண்டிச் சென்று ஈரம் வெளியேறும். இடுப்பளவு டைல்ஸ் ஒட்டிய வீடுகளில் டைல்ஸின் மேல் விளிம்புக்குச் சற்று மேலே, முன்பு உலர்ந்திருந்த இடத்தில், புதிதாகப் பெயின்ட் உரியத் தொடங்குவதைத் தென் சென்னையில் எத்தனையோ கூடங்களில் காணலாம். டைல்ஸ் உயரம் போதவில்லை என்று அதைப் புரிந்துகொண்டு இன்னும் ஓரடி ஏற்றுகிறார்கள். ஈரமும் உடன் ஏறுகிறது. சிவப்புச் சாந்துத் தரையையும் கடப்பா கல்லையும் பெயர்த்துவிட்டு, ஆவி புகாத பளபளப்பான டைல்ஸைக் கூடம் முழுவதும் பதித்த வீடுகளில், தரையின் இடுக்குகள் வழியே வெளியேறிவந்த ஈரமும் சுவரின் பக்கம் திருப்பிவிடப்படுகிறது. தரை மாற்றிய ஓரிரு ஆண்டுகளில் சுவர் கெட்டதற்கு வீட்டின் வயதைக் காரணமாகச் சொல்வது நியாயமாகாது.

புதிய பூச்சு ஓரிரு ஆண்டு உலர்ந்து காணப்படுகிறதே என்பது எதிர்த்தரப்பின் வலுவான சாட்சியம். அந்தத் தோற்றம் உண்மை. அதன் பொருள்தான் வேறு. அடைத்த பூச்சின் பின்னால் செங்கல் நனைந்துகொண்டிருக்கிறது, நீரில் கரைந்து வந்த உப்புகள் வெளியேற வழியின்றிப் பூச்சுக்கும் செங்கல்லுக்கும் இடையே சேர்கின்றன. இந்த உப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் சுவரை உடைப்பது பெரும்பாலும் நீரன்று, உப்பு. ஈரம் சுவரின் மேற்பரப்பில் ஆவியானால் உப்பு வெளியே வெண்பொடியாகப் பூக்கும், துடைப்பத்தால் பெருக்கிவிடலாம். மேற்பரப்பு அடைபட்டால் உப்பு உள்ளேயே படிகமாகி, விரியும் படிகங்கள் துளைச் சுவர்களை நெருக்கிப் பிளக்கும். சோடியம் சல்பேட் என்னும் உப்பு நீரை ஏற்றுப் படிகமாகும்போது மும்மடங்குக்கும் மேல் பருக்கிறது. செங்கல்லின் முகம் செதில் செதிலாக உதிர்வதும், சிமென்ட் பூச்சு பெரும் பலகையாகப் பிரிந்து விழும்போது அதன் முதுகில் செங்கல் துகள் ஒட்டிக்கொண்டு வருவதும் இதனால்தான்.

சென்னைக்குக் கடல் அண்மையால் மற்றொரு தொல்லையும் உண்டு. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டும்போது காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானே கரையும். அதற்குக் கீழே இறங்கினால் மீண்டும் படிகமாகும். கழிவுநீர்க் கசிவிலிருந்து வரும் கால்சியம் நைட்ரேட் போன்றவை 50 விழுக்காட்டை ஒட்டியே அவ்வாறு செய்யும். சென்னையில் ஈரப்பதம் பல இரவுகளில் 75 விழுக்காட்டைக் கடந்து, பகலில் அதற்குக் கீழே வருவதால், உப்பேறிய சுவர் நாள்தோறும் ஒருமுறை நனைந்து ஒருமுறை உலர்கிறது; தெருவில் ஒரு துளி நீர் இல்லாத ஏப்ரலிலும் விடியற்காலையில் கறை கருத்துத் தோன்றுகிறது. இதைப் பார்த்துவிட்டுக் கீழிருந்து நீர் ஏறுகிறது என்று முடிவு செய்வது தவறு. இரண்டு ஊசிகளைச் சுவரில் குத்தி மின்கடத்தலால் ஈரம் காட்டும் கருவியும் இவ்விடத்தில் ஏமாற்றும், ஏனெனில் உப்பும் மின்சாரத்தைக் கடத்தும். அக்கருவி காட்டும் எண்ணை மட்டும் நம்பி ரசாயனச் சிகிச்சைக்குப் பணம் கட்டும் முன், சுவரின் உள்ளிருந்து துளையிட்டு எடுத்த தூளை எடைபோட்டு, உலர்த்தி, மறுபடி எடைபோடும் பழைய முறையில் உண்மையான நீரளவைக் கண்டறிவது அவசியம்.

சிமென்ட் வலுவானது, சுண்ணாம்பு மென்மையானது, ஆகவே சிமென்டே மேல் என்னும் வாதம் பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. வலு பற்றிய கூற்று சரி, முடிவு தவறு. பழைய நாட்டுச் செங்கல்லை விடக் கடினமான பூச்சு, வெயிலில் விரிந்து மழையில் சுருங்கும்போது செங்கல்லோடு ஒத்துப்போகாமல் மயிரிழை வெடிப்பு விடுகிறது; அவ்வெடிப்பு வழியே புகும் மழைநீர் பூச்சின் இறுக்கத்தால் திரும்பி வெளியேற முடிவதில்லை. புகுவழி உண்டு, வெளிவழி இல்லை என்னும் இந்நிலை, பூச்சே இல்லாத நிலையைவிடக் கேடானது. இரு பொருள்கள் சேரும் இடத்தில் தேய வேண்டியது எளிதில் மாற்றக்கூடிய பூச்சு. மாற்ற இயலாத செங்கல் தேயக்கூடாது. சுண்ணாம்புக் காரை பதினைந்து இருபது ஆண்டில் உதிர்ந்தால் அது தன் வேலையைச் செய்து முடித்ததாகப் பொருள். அதே காலத்தில் சிமென்ட் பூச்சு அப்படியே நின்று பின்னாலுள்ள சுவர் பொடிந்திருந்தால், எது வலுவானது என்ற கேள்வியே தவறாகக் கேட்கப்பட்டிருக்கிறது.

தரையை உயர்த்தும் பரிகாரத்துக்கு வருவோம். மழைக்காலத்தில் வீட்டுக்குள் வெள்ளம் புகுவதைத் தடுக்க வேறு வழியறியாத குடும்பங்கள் இதைச் செய்கின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின்னும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின்னும் பல வீடுகளில் செய்தார்கள். அவர்களின் அச்சத்தைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் ஓத விஷயத்தில் இதன் விளைவைத் தெரிந்தே செய்ய வேண்டும். இடிபாட்டுக் குப்பையைக் கொட்டித் தரையை ஒன்றரை அடி உயர்த்தினால், அதுவரை அறைக்குள் திறந்திருந்து உலர்ந்துகொண்டிருந்த ஒன்றரை அடிச் சுவர் புதைந்துபோகிறது. வெளியே தெருமண், உள்ளே குப்பைமண் என இரு பக்கமும் ஈரத்தில் நிற்கிறது. ஈரக்கோடு புதிய தரையிலிருந்து கணக்குத் தொடங்குகிறது. தேக்கு நிலைகளின் கால்கள் சிமென்டுக்குள் புதைந்து இற்றுப்போகின்றன, கரையானுக்கு மறைவழி கிடைக்கிறது. உயர்த்தியே ஆகவேண்டிய வீட்டில், கொட்டும் பொருள் பொடியில்லாத பெரிய ஜல்லியாக இருந்தால், அதன் பெரிய இடைவெளிகளில் நுண்புழை ஏற்றம் அறுபட்டுப்போகும். மேலே சுண்ணாம்புக் கான்கிரீட்டும் கல்லும் இட்டால் தரை ஓரளவு மூச்சுவிடும். நிலைகளைப் புதைக்காமல் கழற்றி உயர்த்திப் பொருத்தலாம். கையில் கிடைத்த குப்பையைக் கொட்டுவதைவிட இதற்குச் செலவு கூடுதல்தான், ஆனால் தேக்கு நிலையை இழப்பதற்கு முன் கணக்கிட வேண்டிய செலவு அது.

சுவரில் துளையிட்டு நீர்விலக்கும் ரசாயனத்தைச் செலுத்தி, இல்லாத நீர்த்தடுப்புப் படலத்தைச் செயற்கையாக உண்டாக்கும் முறை அண்மைக் காலத்தில் மிகுதியாக விற்கப்படுகிறது. வெளித்தரையை விட உயர்ந்த தளமுள்ள, சீரான செங்கல் சுவரில் அது ஓரளவு பயன் தரலாம். தெரு மட்டத்துக்குத் தாழ்ந்த வீட்டில் அதன் அடிப்படை நிபந்தனையே நிறைவேறுவதில்லை. படலம் வெளிமண்ணைவிட அரையடியாவது உயரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கவாட்டிலிருந்து மண்ணின் ஈரம் படலத்துக்கு மேலேயே சுவருக்குள் புகுந்துவிடும். தெரு ஒன்றரை அடி உயர்ந்து நிற்கும் வீட்டில் அந்த உயரம் கூடத்துக்குள் இரண்டடிக்கு வருகிறது. அதற்குக் கீழுள்ள சுவர், அதாவது ஓதத்தால் உண்மையில் பாதிக்கப்பட்ட பகுதி, சிகிச்சைக்கு வெளியே நிற்கிறது. வீட்டையே ஜாக்கிகளின் மேல் உயர்த்தும் தொழில்நுட்பமும் சென்னையில் கிடைக்கிறது. இரும்புக் கம்பி கான்கிரீட் அடிவளையம் போட்டுத் தூக்குவதைத் தாங்கும் கட்டடங்களுக்கு, ஆண்டுதோறும் வெள்ளம் புகும் தெருக்களில், அது பொருத்தமாக அமையலாம். மண் சாந்தில் கட்டிய, பக்கத்து வீட்டோடு சுவரைப் பகிர்ந்துகொள்ளும் மயிலாப்பூர் வீட்டுக்கு அது ஏற்றதன்று.

குளிர்நாட்டு நூல்களிலிருந்து எடுத்த மற்றொரு அறிவுரையும் இங்கே அப்படியே ஒப்பிக்கப்படுகிறது: ஈரம் என்றால் எந்நேரமும் சன்னலைத் திறந்துவைக்க வேண்டும். குளிர்நாடுகளில் வெளிக்காற்று குளிர்ந்து, நீராவி குறைந்து இருப்பதால் அது உள்ளே வந்து உலர்த்துகிறது. சென்னையில் 30 டிகிரி வெப்பத்தில் 75 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்று, 25 டிகிரிக்குக் குளிர்ந்த பரப்பைத் தொட்டாலே நீராகப் படியத் தொடங்கும். நல்வாய்ப்பாக இங்கே மண்ணின் வெப்பம் ஆண்டுச் சராசரி வெப்பமான 28 டிகிரியை ஒட்டியிருப்பதால், தாழ்ந்த தரையும் இயல்பில் வியர்ப்பதில்லை. வியர்ப்பது குளிர்சாதனம் வந்த பின்புதான்: இரவெல்லாம் 22 டிகிரியில் வைத்த அறையைக் காலையில் திறந்ததும், வெளியின் ஈரக்காற்று குளிர்ந்த சுவரிலும் தரையிலும் படிகிறது, கருந்திட்டாகப் பூஞ்சை வருகிறது, அதையும் மண்ணிலிருந்து ஏறிய ஓதம் என்று எண்ணிச் சிமென்ட் பூசுகிறார்கள். திறந்துவைக்க உகந்த வேளை, காற்றின் ஈரப்பதம் குறைந்த பிற்பகல். உகந்த காலம், பருவமழை முடிந்து நிலம் வடியும் சனவரி முதல் கோடை வரை. மழை கொட்டும் நவம்பர் இரவில் திறந்த சன்னல் எதையும் உலர்த்தாது. பழைய வீட்டின் முற்றம் இக்காற்றோட்டத்தைத் தானே நடத்தியது; முற்றத்தைக் கண்ணாடி நார்த்தகட்டால் மூடி அறையாக்கிய வீடுகளில் ஓதம் கடுமையாவது எதிர்பார்க்கத் தக்கதே.

அப்படியானால் செய்யத்தக்கது என்ன? சுவரைத் தொடும் நீரைக் குறைப்பது முதலில். சுவரில் உள்ள நீருக்கு வழிவிடுவது பிறகு. இந்த வரிசை மாறினால் பயனில்லை. மண்ணிலிருந்து ஏறும் ஓதம் என்று எண்ணப்படுவதில் கணிசமான பகுதி, உடைந்த மாடிக் குழாயிலிருந்தோ, சுவரை ஒட்டிக் கட்டிய நிலத்தடித் தொட்டியின் வெடிப்பிலிருந்தோ, தெரு உயர்ந்தபின் எதிர்த்துவரும் கழிவுநீர்த் தொட்டியிலிருந்தோ வருகிறது. தொட்டியை நிரப்பி, எந்தக் குழாயையும் திறக்காமல் ஒரு நாள் வைத்து மட்டத்தைக் குறித்துப் பார்த்தால் கசிவு தெரிந்துவிடும். 2003ஆம் ஆண்டின் அவசரச் சட்டத்தால் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு, நகரின் நிலத்தடி நீரைக் காப்பாற்றிய நல்ல திட்டம். ஆனால் இடமின்மையால் பல வீடுகளில் உறிஞ்சு குழி சுவரின் காலடியிலேயே தோண்டப்பட்டு, மாடி மழை முழுவதும் அடித்தளத்துக்குள் விடப்படுகிறது. அதைப் பின்கட்டுக் கிணற்றுக்குக் குழாயில் கொண்டுசென்றால் திட்டமும் நிறைவேறும், சுவரும் பிழைக்கும்.

அடுத்தது, மண்ணைச் சுவரிலிருந்து விலக்குவது. காம்பவுண்டுச் சுவருக்கும் வீட்டுக்கும் இடையே இடமுள்ள தியாகராய நகர், அடையாறு வீடுகளில் இது எளிது: சுவரை ஒட்டி நிரப்பிய மண்ணையும் சிமென்ட் தளத்தையும் அகற்றி, ஓரடி அகலத்துக்குப் பழைய பேஸ்மட்ட அளவு வரை, அடித்தளத்தின் அடிமட்டத்துக்குக் கீழே போகாமல், திறந்த கால்வாய் எடுத்து, தெருப் பக்க மண்ணைத் தாங்கத் தனிச் சிறு சுவர் எழுப்பினால், புதைந்திருந்த முகம் மீண்டும் காற்றைக் காணும். கால்வாயில் சேரும் நீர், தெரு உயர்ந்துவிட்டதால், தானே வடிந்து செல்லாது. அதைச் சிறு குழியில் சேர்த்து மோட்டாரால் தெரு வடிகாலுக்கு இறைக்க வேண்டும், தெருநீர் திரும்பி வராதபடி ஒருவழி வால்வு பொருத்த வேண்டும். தெருவின் விளிம்பிலேயே நிற்கும் மயிலாப்பூர் வீட்டில் இவ்விடம் கிடையாது. அங்கே திண்ணையை மீட்பதுதான் வழி: வீட்டை நோக்கிச் சரியும் சாய்தளத்தை உடைத்து, தெருநீரை மறிக்கும் உயரத்துக்கு முன்மேடையை மீண்டும் கட்டி, அதன் பின்னால் குறுக்குக் கால்வாய் விட்டால், ஈரத்தை ஏற்பது திண்ணையாக இருக்கும், கூடத்தின் சுவர் ஏற்க வேண்டியிராது.

இவை முடிந்த பிறகே பூச்சைத் தொட வேண்டும். சிமென்டையும் டைல்ஸையும் ஈரக்கோட்டுக்கு ஓரடி மேல் வரை நீக்கி, செங்கல் இடுக்குகளில் பொடிந்த சாந்தைச் சுரண்டி, உதிர்ந்த உப்பை உலர்ந்த தூரிகையால் பெருக்கி வீட்டுக்கு வெளியே கொட்டிவிட்டு, குறைந்தது ஒரு கோடை முழுவதும் சுவரைத் திறந்து விட்டுவிட வேண்டும். கனமான சுவர் மாதத்துக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் என்ற அளவிலேயே உலரும் என்பது அனுபவக் கணக்கு; 14 அங்குலச் சுவருக்கு ஓராண்டுக்கு மேலாகும். இக்காத்திருப்பைத் தாங்க முடியாத அவசரத்தைத்தான் விரைவு ரசாயனங்கள் காசாக்குகின்றன. உப்பு மிகுந்த சுவருக்கு முதலில் கழித்துவிடுவதற்கென்றே மென்மையான சுண்ணாம்புப் பூச்சு ஒன்றைப் பூசி, அது உப்பை உறிஞ்சி உதிர்ந்த பின், சுர்க்கி சேர்த்த நிலையான காரையைப் பூசுவது நல்ல முறை. அதன்மேல் பட்டியும் பிளாஸ்டிக் பெயின்டும் வேண்டாம். நீர்த்த சுண்ணாம்பை மெல்லிய பூச்சுகளாகப் பலமுறை அடித்தால் போதும்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் எங்கே, செலவு யாரால் கட்டும் என்னும் மறுப்பு அலட்சியப்படுத்தத்தக்கதன்று. ஆள் அருகியிருப்பது உண்மை. ஆனால் அத்திறமை அழியவில்லை என்பதற்குச் சேப்பாக்கம் அரண்மனையே சான்று: 2012 சனவரியில் தீப்பற்றிச் சிதைந்த கலச மகாலையும், அதை ஒட்டிய ஹுமாயூன் மகாலையும் தமிழகப் பொதுப்பணித் துறை சுண்ணாம்புக் கலவையைக் கொண்டே மீட்டிருக்கிறது. அரண்மனைக்குச் செய்ய முடிந்ததை ஒற்றைக் கூடத்தின் மூன்றடிச் சுவருக்குச் செய்ய இயலாது என்பதற்குக் காரணம் ஆற்றல் குறைவன்று. அப்பணியில் பயின்ற கைகள் வீட்டு வேலைக்கு அழைக்கப்படாமை. செலவைப் பொறுத்தவரை, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கொத்தி எறிந்து மீண்டும் பூசும் சிமென்ட், பெயின்ட் கணக்கையும் சேர்த்துப் பார்க்காமல் சுண்ணாம்பை விலையுயர்ந்தது என்பது முழுக் கணக்காகாது.

அடைப்பது எங்குமே தவறு என்று இங்கு வாதிடப்படவில்லை. நீர்த்தொட்டி, குளியலறைத் தரை, தொடக்கத்திலேயே நீர்புகாப் பெட்டியாக வடிவமைத்து வார்த்த கான்கிரீட் நிலவறை ஆகியவற்றுக்கு அடைப்பே சரி, ஏனெனில் அவை நீரைத் தடுத்து நிறுத்தும்படியே செய்யப்பட்டவை. தியாகராய நகரில் 1930களுக்குப் பிந்தைய சில வீடுகளில் சுவர் சுண்ணாம்பிலும் மேல்தளம் சிமென்டிலும் கலந்திருப்பதால், எங்கே எது என்று கீறிப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். ஆணியால் கீறினால் சுண்ணாம்புச் சாந்து பொடியாக உதிரும், சிமென்ட் உதிராது. மண் சாந்தில் எழுந்த சுவர் நெடுநாள் ஊறிப்போயிருந்தால், எந்தப் பூச்சையும் கழற்றும் முன் கட்டட உறுதியைச் சோதிப்பது உயிர் காக்கும் செயல்.

இவ்வளவும் வீட்டுக்காரர் செய்யக்கூடியவை. அவர் எவ்வளவு செய்தாலும் தெரு மீண்டும் இரண்டு அங்குலம் உயர்ந்தால் அவ்வளவும் வீண். 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, சாலையின் பழைய பரப்பைச் சுரண்டி எடுத்த பின்னரே புதிய படலம் இட வேண்டும், வீடுகள் தாழக்கூடாது என்று அறிவுறுத்தினார். அது வரவேற்கத்தக்க ஆணை. ஆயினும் அது உயர்வை நிறுத்தவே உதவும், இதுவரை ஏறிய ஓரடியைத் திரும்ப இறக்குவதில்லை, இயந்திரம் நுழையாத சந்துகளில் அதைப் பின்பற்றுவதும் கடினம். ஓதத்தால் சிதையும் வீடுகளுள்ள தெருக்களில் படலங்களைப் பழைய மட்டம் வரை வெட்டி எடுக்கும் பணியை, அதோடு மழைநீர் வடிகாலின் விளிம்பையும் கழிவுநீர் ஆள்நுழைகுழிகளின் மூடிகளையும் இறக்கும் பணியை, மாநகராட்சியும் குடிநீர் வாரியமும் சேர்ந்தே திட்டமிட வேண்டும். சாலைப் பணிக்கு ஒப்பந்தம் விடும்போது ஒவ்வொரு வீட்டின் வாசற்படிக்கும் தெருப்பரப்புக்கும் உள்ள உயர வேறுபாட்டை அளந்து ஆவணத்தில் எழுதி, வீட்டுக்காரரின் கையொப்பம் பெற்று, பணி முடிந்தபின் அதே இடத்தில் மறுபடி அளந்து, தெரு உயர்ந்திருந்தால் ஒப்பந்தக்காரருக்கு உரிய தொகையை நிறுத்திவைக்கும் விதி இருந்தால், அந்த ஆணை மயிலாப்பூரின் சந்துகள் வரை வந்து சேரும்.